ஓலையால் மூடிய குழிகள்

"போருக்குக் காரணம் என்ன, அம்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

குணவதி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ கயிறு அறுந்துபோச்சு, அண்ணா. வாளி உள்ளே கிடக்கு."

அவள் குரு. வயது நாற்பது. அவர் சீடர். வயது அறுபத்தாறு. மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மாசிலாமணி கடலுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய நாட்டுக்காரர். அந்த நாடுதான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இந்தச் சின்ன நாட்டின்மேல் படையெடுத்தது. அவர் அந்தப் படையில் இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, எங்கே என்ன இருக்கிறது என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை.

மலை அடிவாரத்தில் ஓலைத்துறை என்று ஓர் ஊர். அந்த ஊரின் படத்தில் வரிசை வரிசையாக வட்டக் குழிகள் தெரிந்தன. "நச்சு வாயுக் கிடங்கு. ஓலையால் மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று அவர் எழுதினார்.

அந்தக் குறிப்பைக் காட்டித்தான் படை கிளம்பியது. அப்படி ஒரு கிடங்கே இல்லை என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகும் படை ஏழு வருடம் இங்கேயே இருந்தது.

மடத்துக்கு வந்த முதல் நாளே இதையெல்லாம் அவர் குணவதியிடம் சொல்லிவிட்டார்.

அவள் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா, அண்ணா?" என்று கேட்டாள்.

மற்ற சீடர்களை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இவரை மட்டும் அண்ணா என்பாள். வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவருடைய நாட்டில் அந்தப் போரைப் பற்றி விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். அவருடைய வாக்குமூலம் திங்கட்கிழமைப் படகில் போயாக வேண்டும்.

"நாற்பத்து மூணு பக்கம் எழுதிட்டேன், அம்மா. எங்க நாட்டுத் தலைவருக்கு இந்த நாட்டுத் துறைமுகத்து மேல ஆசை. தேர்தல் வேற பக்கத்துல வந்தது. தளபதிகளுக்குப் பதவி வேணும். பத்திரிகைக்காரங்க ஊதிவிட்டாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா படிச்சுப் பார்த்தா ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கு."

"இருக்கும். ஓலைத்துறைக்குப் போய் ஒரு கயிறு வாங்கிட்டு வாங்க."

அவர் முகம் மாறியது. மடத்துக்கு வந்தபோதுகூட அந்த ஊரைப் பார்க்கக் கூடாதென்று மலையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பாதையில் ஏறியவர் அவர்.

"முழங்கால் வலிக்குது, அம்மா."

"இறங்கத்தானே போறீங்க?"

"திரும்ப ஏறணுமே."

"அதை அப்போ பார்த்துக்கலாம்."

அவர் போகவில்லை.

நீளமான மூங்கில் கழியின் நுனியில் பாதாளக் கரண்டியைக் கட்டி உள்ளே விட்டு, வாளியை மட்டும் மேலே எடுத்துவிட்டார்கள். குணவதி தன் பழைய சேலையைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, அதில் வாளியைக் கட்டினாள்.

மறுநாள் மாசிலாமணி ஒரு யோசனை சொன்னார்.

"படகுக்காரர்கிட்டே சொன்னா நைலான் கயிறு கொண்டுவந்து தருவார், அம்மா."

"அதுவரைக்கும் எத்தனை சேலையைக் கிழிக்கிறது? என்கிட்ட இருந்ததே மூணு."

மூன்றாம் நாள் சோறு லேசான நீலமாக இருந்தது.

"சேலைச் சாயம்" என்றான் சமையல் பார்க்கும் சீடன். "நாளைக்குச் சிவப்புச் சேலை. அதுக்குள்ளே யாராவது கயிறு வாங்கி வந்தா நல்லது."

குணவதி நீலச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். மாசிலாமணியும் சாப்பிட்டார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்தது.

அழுகிய முட்டை போன்ற நெடி என்று போருக்கு முன்னால் உளவாளிகள் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதே நெடி.

பிறகு குழிகள் தெரிந்தன. அதே வட்டம். அதே ஓலை. ஒரு குழியில் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு வயதான பெண் ஒருத்தி எதையோ மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சொர்ணம்மை.

"மூக்கைப் பொத்தாதீங்க" என்றாள். "எங்க ஊருக்கு வர்ற புது மாப்பிள்ளை எல்லாம் முதல் நாள் இப்படித்தான் பொத்துவான். மூணாம் நாள் இந்தக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்து சோறு திம்பான். யாருய்யா நீங்க?"

"மடத்திலிருந்து வர்றேன். குணவதி அம்மா கயிறு வாங்கிவரச் சொன்னாங்க."

"கயிறா? பங்குனியில வாங்க!" என்று சிரித்தாள். "போன மாசம்தானே தேங்காய் மட்டையைக் குழியில இறக்கத் தொடங்கினோம். பத்து மாசம் ஊறணும். அப்புறம் அடிச்சு நார் எடுக்கணும். நார் வந்தாத்தானே கயிறு?"

"போன வருஷத்துக் கயிறு எதுவும் இல்லையா?"

"போன வருஷம் ஏதுய்யா குழி? நாற்பத்தெட்டுக் குழி இருந்தது. அத்தனையையும் குண்டு போட்டு மூடிட்டாங்க. வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி எடுக்கவே இத்தனை வருஷம் ஆச்சு. இப்பத்தான் ஒன்பது குழியைத் திரும்பத் தோண்டியிருக்கோம்."

நாற்பத்தெட்டு. சரியாகத்தான் எண்ணியிருந்தார்.

அவர் ஓலையைக் கைகாட்டிக் கேட்டார்.

"குழியை ஏன் ஓலை போட்டு மறைக்கிறீங்க?"

"மறைக்கிறோமா? நல்லாக் கேட்டீங்க! மட்டை தண்ணியில மிதக்கும்ல? ஓலையைப் பரப்பி, மேல சேத்தை அப்பினாத்தான் அமுங்கிக் கிடக்கும். எங்க ஊர்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே."

பக்கத்துக் குழியின் விளிம்பில் ஒரு சிறுமி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிழல் சேற்றின்மேல் விழுந்திருந்தது.

மாசிலாமணி அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெறுங்கையோட போகாதீங்க" என்று சொர்ணம்மை கரையேறி இரண்டு தேங்காய்களை அவர் பையில் போட்டாள். "குணவதிகிட்ட குடுங்க. எங்க ஊர்ப் பொண்ணுதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சொல்லியிருக்க மாட்டா. முதல் குண்டு விழுந்தப்போ அவ அண்ணன் இந்தா, இந்தக் குழியிலதான் மட்டை மிதிச்சுக்கிட்டு நின்னான். கல்யாண வயசு வந்த பிறகும் அவன் பின்னாடியே 'அண்ணா, அண்ணா'ன்னு சுத்திக்கிட்டு இருந்தவ. அவன் போனப்புறம் அந்த வார்த்தையை அவ வாயால நாங்க கேட்டதே இல்லை."

மாசிலாமணி மலை ஏறினார். பாதியில் கைத்தடி எங்கோ விழுந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

குணவதி கிணற்றடியில் நின்று சிவப்புச் சேலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கயிறு எங்கே, அண்ணா?"

"இல்லை, அம்மா. பங்குனியிலதான் கிடைக்கும்."

"ஏன்?"

"மட்டை இப்பத்தான் ஊறுது."

"முன்னாடியே ஊறப் போடலையா?"

"குழி எல்லாம் மூடிக் கிடந்தது."

"யார் மூடினாங்க?"

இந்தக் கேள்விக்கு நாற்பத்து மூன்று பக்கத்தில் பதில் எழுதியிருந்தார். தலைவர், தளபதிகள், விமானிகள், பத்திரிகைகள். எல்லாம் உண்மைதான். சொல்ல வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

"நான்" என்றார்.

குணவதி முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள்.

"அந்தப் படத்துல ஒரு குழியோரம் ஏதோ உருவம் தெரிஞ்சது, அம்மா. காவலாளின்னு நினைச்சேன். நிழலை அளந்து உயரம் சொல்றதுதானே என் தொழில்? அளந்தேன். மூன்றரை அடி. குழந்தை. நச்சு வாயுக்குப் பக்கத்துல யாராவது குழந்தையை உட்கார வைப்பாங்களா? அப்போ மேலிடத்திலிருந்து போன் வந்தது. 'உறுதிதானே?'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு என்ன பதில் வேணும்னு எனக்குத் தெரியும். 'உறுதி'ன்னு சொல்லிட்டேன். அந்த மூன்றரை அடியை நான் எங்கேயும் எழுதலை."

கிணற்றுக்குள் எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"அன்னைக்கும் எழுதலை. இந்த நாற்பத்து மூணு பக்கத்துலயும் எழுதலை."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேங்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். இனி அவள் தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று மட்டும் நினைத்தார்.

குணவதி வாளியை உள்ளே இறக்கினாள். அது நிறையும் வரை காத்திருந்தாள். பிறகு சேலையின் நுனியை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க, அண்ணா. கனமா இருக்கு."