அசையாத கீரிக்குப் பாம்பு பயப்படாது

ஆற்றங்கரைப் புற்று ஒன்றில் ஒரு கீரி குடியிருந்தது. ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில் ஓர் ஈச்சமரம். மரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

பொழுது சாயும்போது அந்த மரத்தைத் தேடி ஒரு பாம்பு வரும். கீரியும் பாறைகளில் தாவித் திட்டுக்குப் போய் மரத்தடியில் நிற்கும். கீரியைக் கண்டதும் பாம்பு, ஏதோ காற்று வாங்க வந்ததுபோல் திரும்பிப் போய்விடும். தினமும் இதுதான் கூத்து.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகிப் பாறைகள் முழுகிவிட்டன. குருவி பதறிக்கொண்டு பறந்து வந்தது.

"அக்கா, குஞ்சுக்கு இன்னும் இறக்கை முளைக்கல. பாம்பு நீந்தியே வந்துடும், ஏறாம இருக்க மரத்துல முள்ளு செருகி வச்சிருக்கேன். மழையில அது ரொம்ப நாள் தாங்காது. இனிமே நீங்க எப்படி வருவீங்க?"

"வீடியோ கால்ல வர்றேன்" என்றது கீரி. "உன் போனைக் கூட்டு வாசல்ல கட்டி வை. பாம்பு என் மூஞ்சியப் பாத்துத்தானே பயப்படுது? திரையில பாத்துப் பயப்படட்டும்."

குருவியிடம் போனும் இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது. கீரியின் புற்றில்தான் இன்டர்நெட் இல்லை.

அந்தக் காட்டில் இன்டர்நெட் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். குரங்கு கிளைக்குக் கிளை கேபிள் இழுத்துக் கொடுத்தது. மரங்கொத்தி பழைய டெலிபோன் கம்பி வழியாகக் கொடுத்தது.

முதலில் குரங்கு ஓடி வந்தது. கீரியைத் தன் தோப்புக்குக் கூட்டிப்போய் ஒரு சினிமாவைப் போட்டுக் காட்டியது. படம் பளிச்சென்று தண்ணீராய் ஓடியது.

"பாத்தியா தங்கச்சி! மரங்கொத்தி லைன்ல இதுல கால்வாசி வேகம்கூட வராது."

கீரி சுற்றிலும் பார்த்தது. நண்பகல். தோப்பே உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குச் சாயங்காலம்தான் வேணும் அண்ணே. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

"எப்பப் பாத்தாலும் இதே வேகம்தான்."

"இருக்கட்டும். வந்தே பாக்குறேன்."

குரங்குக்கு அங்கேதான் சிக்கல். ஒரே கேபிளைத் தோப்பு முழுவதும் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் பொந்துக்குப் பொந்து 'காக்கா வீட்டு மருமகள்' தொடர் ஓடும். அந்த நேரத்தில் கேபிள் மூச்சுத் திணறும்.

குரங்கு யோசித்தது. கூடை கூடையாகச் சீத்தாப்பழத்தைத் தூரத்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டியது. "இன்னிக்கு எல்லாருக்கும் விருந்து" என்று சொல்லிவிட்டது. சும்மா கிடைக்கிறதென்றால் விடுவார்களா? தொடரை மறந்துவிட்டுத் தோப்பே மேட்டுக்கு ஓடியது.

சாயங்காலம் கீரி வந்து குருவியைக் கூப்பிட்டுப் பார்த்தது. "நேர்ல நிக்கிற மாதிரி இருக்கீங்க அக்கா" என்றது குருவி. குரங்கு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

கீரி சரி என்று சொல்ல வாயெடுத்தது. அப்போதுதான் அதன் காதுக்கு ஏதோ குறைந்தது. தினமும் தன் புற்றுவரை கேட்கும் தொடரின் பாட்டு எங்கேயும் கேட்கவில்லை.

"ஏன் அண்ணே, இன்னிக்கு யாரும் சீரியல் பாக்கலயா?"

"அது... எல்லாரும் எங்கயோ போயிருக்காங்க போல."

"அப்ப நாளைக்கும் வர்றேன்."

மறுநாள் குரங்கிடம் பழம் இல்லை. பாட்டு காதைப் பிளந்தது. கீரி குருவியைக் கூப்பிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குருவியின் திரையிலோ கீரியின் முகம், ஒரு கண் மூடி, வாய் பிளந்து, அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, வாயைப் பிளந்துக்கிட்டு போட்டோ மாதிரி நிக்கிறீங்க" என்று விட்டுவிட்டுக் கேட்டது குருவியின் குரல். மரத்தடியில் இருந்த பாம்பும் தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டது. நல்லவேளை, முள் அன்றைக்குத் தாங்கியது.

"அசையாத மூஞ்சியப் பாத்துப் பல்லிகூடப் பயப்படாது" என்று சொல்லிவிட்டுக் கீரி எழுந்தது.

அடுத்து மரங்கொத்தி. அது மட்டும் என்ன யோக்கியமா? "என் லைன் காடு முழுக்க ஒரே மாதிரி ஓடும்" என்று மார்தட்டியது.

கீரி நம்பவில்லை. கொட்டும் மழையில் மலையடிவாரம்வரை நடந்து, அதே லைன் வைத்திருந்த உடும்பைப் பார்த்தது. உடும்பு அழாத குறையாகச் சொன்னது. "எழுத்து வரும், படம் வராது. கம்பி கிளம்புற எக்ஸ்சேஞ்சு ரொம்ப தூரமாம்."

கீரி திரும்பி வந்து மரங்கொத்தியைப் பிடித்துக்கொண்டது. "ஒரே மாதிரின்னு சொன்னீங்களே?"

மரங்கொத்தி கழுத்தைச் சொறிந்தது. "தூரம் போகப் போகக் குறையும்மா. ஆனா உங்க புத்துக்குப் பின்னாடி இருக்குற மருதமரத்துலதான் எக்ஸ்சேஞ்சே இருக்கு. உங்களுக்குன்னு தனிக் கம்பி வரும். பக்கத்துல யார் என்ன பாத்தாலும் அது குறையாது."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அதையும் கீரி வாய்ப்பேச்சில் விடவில்லை. பக்கத்து முயலின் வளையில் இருந்த அதே லைனைத் தொடர் ஓடும் நேரத்தில் போட்டுப் பார்த்தது. படம் சிறியது, கொஞ்சம் மங்கல். ஆனால் நிற்கவில்லை. உடனே கம்பி இழுக்கச் சொல்லிவிட்டது. உடும்பையும் அது மறக்கவில்லை. மத்தியானம் மட்டும் படம் பார்க்கும் உடும்புக்குக் குரங்கின் கேபிளே போதும் என்று சொல்லி அனுப்பியது.

"மங்கல் படத்துக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று குரங்கு கேலி செய்தது. கீரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பி வந்த அன்று சாயங்காலமே முள் சரிந்து ஆற்றில் விழுந்தது. பாம்பு விறுவிறுவென்று மரத்தில் ஏறியது. குருவி அவசரமாகப் போனை அழுத்தியது. தோப்பில் தொடரின் பாட்டு அலறியது. கூட்டு வாசலில் கீரியின் முகம் தெரிந்தது.

பாம்பு சிரித்தது. "அன்னிக்கும் இப்படித்தான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்ன. போட்டோவுக்குப் பயப்படுற ஆள் நான் இல்ல."

அது தலையைக் கூட்டுக்குள் நீட்டியது. குஞ்சுகள் கீச்சிட்டன.

"அப்படியா?" என்றது போட்டோ.

பாம்பு திகைத்தது. கீரி மயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டிச் சீறி, திரையை நோக்கி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அலறிப்போன பாம்பு பிடியை விட்டுத் தொப்பென்று வெள்ளத்தில் விழுந்தது. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது.

எது வேகம் என்று பிறர் சொல்வதைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. உனக்கு வேண்டிய இடத்தில், உனக்கு வேண்டிய நேரத்தில் எது கைவிடாது என்று நீயே பார்த்துத் தேர்ந்தெடு.