ஓடுபாதையில் ஒரு சேனை

கதை கேட்க வந்தவர்களே, காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். விடையை நான் ஒளிக்கப் போவதில்லை, கதைக்குள்ளேயே கிடக்கிறது. நடுவில் யாராவது எழுந்து போனால்தான் தவறிப்போகும்.

சேனை என்றால் படை, அது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கம் இன்னொரு சேனையும் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகப் படுகிற சொட்டு. அதை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். முதல் சொட்டுக்குத்தான் அந்தப் பேர். இரண்டாவது சொட்டு வெறும் பசிக்கு.

கோவைப் பக்கம் ஒரு விமானத் தளம். அங்கே குடியிருப்பில் இருந்தவள் வடிவு. புருஷன் கோமதிநாயகம் விமானம் பழுது பார்க்கிற சார்ஜண்ட். வடக்கே எல்லைப் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். புறப்படும்போது அவன் சொன்னான்:

"மறுவீட்டு விருந்துல பாதியிலேயே கூப்பிட்டுட்டானுவ. வளைகாப்புக்கும் இருக்க மாட்டேன். சேனையாவது என் கையால வைக்கணும், வடிவு. நான் வார வரைக்கும் யாரையும் வைக்க விடாத."

"விடமாட்டேன். நீங்க வந்து சேருங்க" என்று கையில் அடித்துச் சொன்னாள் வடிவு.

அவன் படை விமானத்தில் ஏறி ஊர் திரும்புகிற அன்றைக்குத்தான், நாள் தள்ளி வரவேண்டிய வலி முந்திக்கொண்டு வந்தது. கூடவே மழை. பக்கத்து வீட்டுக் குர்ப்ரீத் ஓடிவந்தாள். பஞ்சாப்காரி. குடும்ப நலச் சங்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வகுப்பு எடுக்கிறவள். ஆம்புலன்ஸோடு டிரைவர் காஜா மைதீனும் வந்து சேர்ந்தார்.

"பாய், மேலே ஒழுகுது" என்றாள் குர்ப்ரீத், வண்டிக்குள் ஏறியதும்.

"எல்லா ஓட்டையும் அடைச்சேனுங்க. அது ஒண்ணு மட்டும் எனக்கு அடங்க மாட்டேங்குது."

ஆஸ்பத்திரி தளத்தின் அந்தப் பக்கம். சுற்றுச்சாலையில் இடுப்பளவு தண்ணீர். ஓடுபாதையைக் குறுக்கே கடந்தால்தான் உண்டு. விமானங்களுக்கு வழி சொல்கிற கோபுரத்து அதிகாரியிடம் வயர்லெஸில் அனுமதி கேட்டார் காஜா மைதீன். "ஒரு விமானம் இறங்க வருகிறது. நிற்காமல் போய்விடு" என்று அனுமதி வந்தது.

வண்டி ஓடுபாதையின் நடுவே போகும்போது குர்ப்ரீத் கத்தினாள், "நிறுத்து பாய்! தலை வந்துடுச்சு!"

பிரேக்கில் ஏறி நின்றார் காஜா மைதீன். கோபுரம் பதறியது. "ஏன் நின்றாய்? மேலே விமானம் இறங்குகிறது!"

"இங்கயும் ஒரு உசுரு இறங்கிட்டிருக்குதுங்க சார். அது முதல்ல இறங்கட்டும்."

மூக்கைத் தாழ்த்திய விமானம் மறுபடி மேலே எழும்பி, வண்டியின் கூரை அதிர, மேகத்துக்குள் போய் மறைந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிள்ளை குர்ப்ரீத்தின் கையில் விழுந்தது. பெண். அழவில்லை. முதுகைத் தேய்த்தாள், அழவில்லை. வடிவுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. கூரை ஒழுகி ஒரு சொட்டு பிள்ளையின் வாயில் விழுந்தது. நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டியது. பிறகு அழுதது பாருங்கள், விமானம் தோற்றது!

ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் நலம். மழைதான் வலுத்துவிட்டது. விமானம் இறங்க வழியில்லாமல் மேகத்துக்குள்ளேயே வட்டமடித்தது. அதற்குள்தான் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தான்.

"பால் குடு" என்றாள் குர்ப்ரீத்.

"அவிய வரட்டும்க்கா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"வகுப்பில் என்ன சொன்னேன்? பிறந்ததும் தாய்ப்பால். தேன் கூடாது, சீனித் தண்ணி கூடாது. காத்திருக்கவும் கூடாது."

வடிவு அழுதாள். பிள்ளையும் அழுதது. காஜா மைதீன் வண்டிக்கு ஓடி வயர்லெஸைப் பிடித்தார். "சேனை யாரு வைக்கிறதுன்னு வடிவு கேக்குது. மேல சொல்லுங்க சார்."

கோபுரத்து அதிகாரி பீகார்க்காரர். கடைப் பலகை பார்த்துத் தமிழ் படித்தவர். "சேனையா? இருக்கிற சேனை போதாதா?" என்று குழம்பினார். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடியே மேலே அனுப்பினார். விமானத்தில் ஒருவருக்கும் புரியவில்லை, ஒருவனைத் தவிர. எழுந்த வேகத்தில் மண்டை இடித்துக்கொண்டான். "எனக்குப் பிள்ளை பிறந்தாச்சு" என்றான். கீழே பதில் வந்தது: "எனக்காகப் பிள்ளையைப் பட்டினி போடாத. யாராவது வைங்க."

அங்கேதான் சண்டை.

"எங்க ஊரிலும் இது உண்டு. முதல்ல தொட்டது என் கை. நான்தான் வைப்பேன்" என்றாள் குர்ப்ரீத்.

"எங்க வீட்டுலயும் உண்டுங்க. நான் நிறுத்தலைன்னா உங்க கை எதைத் தொட்டிருக்கும், கியர் கம்பியையா?"

"நீ வச்சா பிள்ளை ஒழுகும் பாய்."

வடிவு சிரித்தாள், அழுகையோடு. அந்த நேரம் பார்த்து மழை விட்டது. விமானம் இறங்கியது. வாசலில் தொப்பலாக வந்து நின்றான் கோமதிநாயகம். "கையைக் கழுவிட்டேன், வடிவு."

"நீங்கதான் வாக்கைத் திருப்பித் தந்தாச்சே, பாயி சாப்" என்று அண்ணன் முறை வைத்து அவன் வழியை மறித்தாள் குர்ப்ரீத்.

சங்கில் ஒரு சொட்டுத் தாய்ப்பால். அதைச் சுற்றி மூன்று கைகள்.

ஐயா, அம்மா, இப்போது நீங்கள் சொல்லுங்கள். சேனை வைக்கும் உரிமை யாருக்கு?

விடை: மூவருக்கும் இல்லை. முதல் சொட்டுக்குத்தான் சேனை என்று பேர். அது ஓடுபாதையிலேயே, அடங்காத அந்த ஓட்டை வழியாக விழுந்துவிட்டது. வைத்தது வானம். வடிவுதான் அதைக் கண்டு சொன்னாள்: "நான் வாக்குத் தவறலங்க. அந்த மேகத்துக்குள்ள நீங்களும்தான இருந்திய?" சொல்லிவிட்டுப் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். கோமதிநாயகம் கழுவிய கையால் கண்ணைத் துடைத்தான். அப்பனுக்கு ஊர் ஊராக மாற்றல் வரும். சேனை வைத்தவர் மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலேயே இருப்பார்.