பிடுங்கிப் போட்ட பெயர்ப்பலகை

கணினிக்குள் இருப்பவை எல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், நெல்லைப் பக்கத்து ரத்த வங்கி ஒன்றின் கணினியில் வாசற்காரன் என்றொருவன் இருந்தான். உள்ளே நுழைகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "டாக்குமெண்ட்ஸ் அறை அந்தப் பக்கம், பிக்சர்ஸ் இந்தப் பக்கம்" என்று வழிகாட்டுவது அவன் வேலை. நல்லவன்தான். ஆனால் சரியான முந்திரிக்கொட்டை. சொன்னதைச் செய்யும்போதே சொல்லாததையும் சேர்த்துச் செய்துவிடுவான்.

வங்கியைக் கவனித்துவந்த ரூபாவதி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கணினியின் மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசற்காரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா காலையில் வந்து அசந்துபோக வேண்டும் என்று 'ஆவணங்கள்', 'படங்கள்' எனப் புதுப்புது அறைகளைக் கட்டினான். பழைய அறைகளுக்கு வழிகாட்டிய பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியவற்றை நட்டான். உள்ளே இருந்த சாமான்களை எடுத்துவர மட்டும் மறந்தான்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து போன். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது எளிதில் கிடைக்காத ரத்தம்.

"அரை மணி நேரத்துல ஆள் வேணும்மா" என்றார் டாக்டர்.

அந்த ரத்தம் உள்ள மூன்று பேரின் எண்கள் ரூபாவதியின் பட்டியலில் இருந்தன. பலகையைப் பார்த்து ஆவணங்கள் அறையைத் திறந்தாள். துடைத்துவிட்டது மாதிரி காலியாக இருந்தது.

"ஏல வாசற்காரா, லிஸ்ட் எங்கல?"

வாசற்காரனுக்கு அப்போதுதான் தான் மறந்தது உறைத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பேசாமல் இருந்தால், பட்டியல் எப்படியோ அழிந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொள்வாள். மணி பத்து ஐம்பதைத் தாண்டியது. ரூபாவதி கணினியின் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். வைக்காத போனில் அந்தப் பெண்ணின் புருஷன் அழுவது கேட்டது.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, தப்பு என்னுதுதான். நீங்க மொழியத்தான் மாத்துனீங்க, நான் அறையவே மாத்திட்டேன். சாமான்லாம் பழைய எடத்துலதான் கெடக்கு. வாங்க!"

பலகையில்லாத வழியில் ஓடினான். டாக்குமெண்ட்ஸ் அறை, 'லிஸ்ட் இங்க இருக்கு' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. உள்ளே பட்டியல் பத்திரமாக இருந்தது. முதல் ஆள் போனை எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் சென்னையில் இருந்தார். மூன்றாவது ஆளான பேட்டை செல்லச்சாமி, "இந்தா பைக்க எடுத்துட்டேன்" என்றார்.

தாயும் பிள்ளையும் பிழைத்த செய்தி மத்தியானம் வந்த பிறகுதான் ரூபாவதி மூச்சுவிட்டாள். வாசற்காரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கல போற? பேச்ச மாத்துனா வீட்டயுமா மாத்துவாக? இனிமே பழைய பேரையும் புதுப் பேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டு. மாத்தவா, இருக்கட்டுமான்னு கேளு. சாமான் கூடவே வராதுன்னும் சொல்லிரு. வேண்டாம், இனி கேக்காதன்னுட்டா, திரும்பத் திரும்ப வந்து உசிர வாங்காத."

அன்று முதல்தான், மொழியை மாற்றிவிட்டு நுழைகிறவர்களை வாசற்காரன் வாசலிலேயே மறித்து, பழைய பெயரா புதுப் பெயரா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.