பூனைக்கண் பெயர் நிலைத்த கதை

முன்னொரு காலத்தில் கல்விளை நாட்டைக் கீர்த்திகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் தன் பெயரை வைத்துவிடுவான். குளத்துக்கு அவன் பெயர், யானைக்கு அவன் பெயர், தோட்டத்துப் பலாமரத்துக்கும் அவன் பெயர்.

ஒருநாள் ஆற்று மணலில் தேன் நிறக் கல் ஒன்று கிடைத்தது. கல் தீட்டும் செல்லாண்டி அதைப் பட்டை போடாமல் உருண்டையாகத் தீட்டிக் கொடுத்தாள். ராஜா அதற்குக் கீர்த்திகேசரி மணி என்று பெயர் சூட்டினான். ஊரோ செல்லாண்டி வைத்த பெயரையே சொன்னது. பூனைக்கண்!

பொக்கிஷக் காப்பாளர் தாமோதரருக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவர் வைரமென்று வாங்கிய கல்லை வெறும் பளிங்கு என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். சமயம் பார்த்துப் போட்டுக்கொடுத்தார்.

"உங்கள் பெயர் வைத்த மணியைப் பூனை என்கிறாள். அப்படியானால் உங்களை என்னவென்று சொல்கிறாள், மகாராஜா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய சாணைக்கல்லைப் பறித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு அனுப்பச் சொன்னான். பாவம், அந்தச் சாணைக்கல்லை விட்டால் அவளுக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது.

மந்திரி பொன்னம்பலம் எழுந்தார். அவள் போகுமுன் ஒரு சின்னச் சோதனை வைக்க அனுமதி கேட்டார். ராஜாவின் மணியோடு அதே நிறத்தில் நாலு கற்களைக் கலந்து தட்டில் வைத்தார். மண்டபத்து நிழலில் ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. கீர்த்திகேசரி மணியை எடுத்துத் தரும்படி தாமோதரரிடம் நீட்டினார். அவர் மோந்து பார்க்காததுதான் பாக்கி. கடைசியில் ஒன்றை எடுத்து, இதுதான் என்று சத்தியமே செய்தார்.

பிறகு மந்திரி வாயிற்காவலனைக் கூப்பிட்டார். அவன் அந்த மணியைப் பார்த்ததே இல்லை.

"இதில் பூனைக்கண் எது?"

அவன் எல்லாவற்றையும் வெயிலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பினான். நாலாவது கல்லின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று எழுந்து, பூனை முழிப்பதுபோல இப்படியும் அப்படியும் ஓடியது. தாமோதரர் எடுத்தது வேறு கல்.

அந்தப் பெயரை ஏன் வைத்தாய் என்று ராஜா செல்லாண்டியிடம் கேட்டான்.

"கல்லுத்தூசியில எனக்குக் கண்ணு மங்கிட்டு வருதுங்க சாமி. எனக்கப்புறம் வர்றவங்களும் இதைக் கண்டுபிடிக்கணுமில்லீங்களா? பாத்தாத் தெரியற மாதிரி பேரு வச்சேன்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. சபையறிய அவளிடம் மன்னிப்புக் கேட்டு, சாணைக்கல்லோடு அரண்மனை ஓரத்தில் ஒரு வீடும் கொடுத்தான். கல்லை மோதிரத்தில் பதித்துக்கொண்டு, யார் கேட்டாலும் பூனைக்கண், செல்லாண்டி வைத்த பெயர் என்பான்.

தாமோதரரைத் தண்டிக்கவில்லை. ஆனால் அவர் யாரைப் பற்றியாவது கோள் சொல்ல எழுந்தால், ராஜா மோதிரக் கையை வெயில் விழும் பக்கமாக லேசாகத் திருப்புவான். தாமோதரர் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.