ரயில்வே கேட்டில் ஒரு மறியல்

ஆசான் செங்கோடன் மேல் ஒரு வழக்கு இருந்தது. குடிதண்ணீர்க் குழாயில் சாயக்கழிவு வந்தபோது, ஊர்ப் பெண்களோடு போய் ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து சாலையை மறித்தார். தண்ணீரைக் கெடுத்தவர்கள் மேல் வழக்கு இல்லை. உட்கார்ந்தவர்கள் மேல் இருந்தது. பொதுமக்களின் போக்குவரத்துக்கு இடையூறு என்றது குற்றப்பத்திரிகை.

அன்று காலை வாய்தா. காலில் சர்க்கரைப் புண் என்பதால் போன இரண்டு வாய்தாவுக்கும் அவர் போகவில்லை. இந்த முறையும் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பிடிவாரண்ட் என்று நீதிபதி எச்சரித்திருந்தார். ஜெயிலுக்குப் போனால் அந்தக் கால் தங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சீடன் நாச்சிமுத்து தன் குட்டியானையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சந்தைக்குக் காய்கறி மூட்டை அடிக்கிற சின்ன வண்டி அது. நாச்சிமுத்து ஆசானைவிட மூத்தவன். கையெழுத்துப் போடவும் மனு எழுதவும் தலை நரைத்த பிறகு அவரிடம் கற்றுக்கொண்டவன். அவன் அவரை ஆசானே என்பான். அவர் அவனை அண்ணா என்பார்.

ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. இடது ஓரமாக நீண்ட வரிசை. லாரி, பஸ், வேன். வலது பக்கம் காலி.

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

"எல்லாரும் நிக்கறாங்களேண்ணா."

"அவங்களுக்கெல்லாம் வாரண்டு இல்லீங்க ஆசானே."



குட்டியானை காலியான பக்கத்தில் ஓடிப்போய்க் கேட்டை ஒட்டி முதல் ஆளாக நின்றது. வரிசையில் நின்ற பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு, வூட்டுல அடுப்புல பால் வெச்சுட்டு வந்தியா?"

நாச்சிமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ரயில் போயிற்று. கேட் மேலே ஏறியது. நாச்சிமுத்து வண்டியை நகர்த்தினான். தண்டவாளத்தைத் தாண்டிய உடனே பிரேக்கை மிதித்தான்.

எதிரே ஒரு வேன், மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றது. அந்தப் பக்கத்திலும் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார்கள். இரண்டு வண்டிச் சுவர்கள் எதிர் எதிராக வந்து முட்டிக்கொண்டன. எந்த வண்டியும் நகரவில்லை. எல்லா வண்டியும் ஆரன் அடித்தது.

"பின்னால எடுய்யா!" என்றான் வேன்காரன்.

"நீ எடுய்யா!"

"உங்கப்பன் போட்ட ரோடா இது?"

"உங்க தாத்தன் போட்டானா?"

வேனுக்குள் பெண்கள் இருந்தார்கள். கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்கள். "நல்ல நேரம் போகுது, வழி விடுங்க" என்று ஒரு அம்மாள் உள்ளே இருந்து கத்தினாள்.

நாச்சிமுத்து பாதி உடம்பை வெளியே நீட்டினான். "ஜவுளிக்கடைக்குள்ள போனா பொம்மையைப் பார்த்துக்கூடப் பல்லைக் காட்டுவீங்க. ரோட்டுல மனுசனைக் கண்டா மட்டும் உறுமுறீங்களே. கோர்ட்டுக்குப் போறோம். வண்டியில யார் இருக்கார்னு பார்த்தியா?"

"யாரா இருந்தா என்ன? கோர்ட்டுக்குப் போறவன் யோக்கியனாவா இருப்பான்?"

வேனுக்குள் சிரித்தார்கள்.

கேட் அறையிலிருந்து ஒரு பெண் பச்சைக் கொடியும் கையுமாக ஓடிவந்தாள். கேட் கீப்பர். "தண்டவாளத்து மேல நிக்காதீங்க, நகருங்க! கேட்டை மூடாம சிக்னல் விழாது. ஸ்டேசன்ல அடுத்த ரயில் நிக்குது. என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க!" அவள் பேச்சை ஆரன் விழுங்கியது.

நாச்சிமுத்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள்.

"நீங்க இறங்கி அந்தப் பக்கம் போய் ஒரு ஆட்டோவுல ஏறிடுங்க ஆசானே."

"ஆட்டோ எது வழியா வரும்?"

அவன் எட்டிப் பார்த்தான். ஆட்டோக்கள் இருந்தன. அவையும் சுவருக்குள்தான் இருந்தன.

அவன் ஆரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான்.

"அடிச்சா வேன் கரைஞ்சு போயிருங்களாண்ணா?"

கையை எடுத்தான். "பாலத்துல நீங்க உட்கார்ந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிக்கு ஒரு பக்கம் வழி விட்டீங்க. உங்களுக்குக் கேசு. இவனுங்களுக்கு?"

"நாமளுந்தானே நிக்கறோம்."

"அவன் எடுக்காதப்ப நான் மட்டும் ஏனுங்க எடுக்கணும்?"

"எடுத்துத்தான் பாருங்களேன்."

நாச்சிமுத்து வீம்பாக ரிவர்ஸ் கியரைப் போட்டான். கண்ணாடியைப் பார்த்தான். அப்படியே இருந்தான்.

"எடுங்கண்ணா."

"முடியாதுங்க."

"ஏனுங்க?"

"பின்னால வாழைத்தார் லாரி முட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குப் பின்னால டிராக்டர். அதுக்குப் பின்னால இன்னும் என்னென்னமோ."

"அவங்க யாரைப் பார்த்து வந்தாங்க?"

நாச்சிமுத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். கதவைத் திறந்து இறங்கினான்.

வாழைத்தார் லாரிக்காரரிடம் போனான். "வண்டியைப் பின்னால எடு."

"டிராக்டர்காரன்கிட்டச் சொல்லு."

டிராக்டர்காரன் தனக்குப் பின்னால் இருந்தவனைக் கைகாட்டினான். அவன் அடுத்தவனை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து கடைசிவரை நடந்தான். கடைசியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது, அதற்குப் பின்னால் பைக்குகள் மட்டும். கண்ணாடியைத் தட்டினான். அது விரலளவு இறங்கியது. குளிர்ந்த காற்றும் சினிமாப் பாட்டும் வெளியே வந்தன.

"காரை எடுங்க. கோர்ட்டுக்கு அவசரம்."

"எல்லாருக்கும் அவசரம்தான்."

"ஆசான் செங்கோடன் வண்டியில இருக்காருங்க."

"பாலத்துல மறியல் பண்ணினவரா? அன்னிக்கு என் காரையும் அரை நாள் நிறுத்தினாரே. இன்னிக்கு அவர் நிக்கட்டும்."

கண்ணாடி ஏறப் போனது. நாச்சிமுத்து விளிம்பில் விரலை வைத்துக்கொண்டான்.

"நீங்க ஏனுங்க இந்தப் பக்கம் வந்தீங்க?"

"இது என்னய்யா கேள்வி? முன்னால ஒருத்தன் போனான். அத்தனை பேரும் போனாங்க. நானும் வந்தேன்."

"அந்த ஒருத்தன் நான்தானுங்க."

கார்க்காரர் அவனை முழுதாகப் பார்த்தார்.

"நான் வந்திருக்கக் கூடாதுங்க. நீங்க எடுத்தாத்தான் மத்தவங்க எடுக்க முடியும். எல்லாருக்கும் கடைசியாத்தான் நான் எடுக்க முடியும்."

"எனக்குப் பின்னால பைக்கா நிக்குது. எவன் நகருவான்?"

"நான் கேக்கறேனுங்க."

நாச்சிமுத்து காருக்குப் பின்னால் போனான். ஒவ்வொரு பைக்காகக் கேட்டான். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவன், "நீ என்ன டிராபிக் போலீசா? தொப்பி எங்கே?" என்றான். "இல்லீங்க சாமி, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று அவன் அந்தப் பைக்கின் பின்பக்கத்தைத் தானே தூக்கி ஓரமாக வைத்தான். நாற்பது வருடமாக மூட்டை தூக்கிய கை. ஓட்டியவன் பேசாமல் இறங்கினான்.

பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "வரட்டும், வரட்டும், வரட்டும். நிறுத்துங்க. ஒடிங்க. வரட்டும்."

கார் வெளியே போனது. அடுத்த வண்டி. டிராக்டர். வாழைத்தார் லாரி. கடைசியில் அவனுடைய வண்டி. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்து ஓரத்தில் அவன் ஒதுங்கியதும் எதிர்ப்பக்கச் சுவர் உடைந்து கொட்டியது. முதலில் வந்த வேன்காரன் அவன் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"இதை அப்பவே செஞ்சிருக்கலாமில்ல, கிறுக்கா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். ஆசான் அவன் கையைத் தொட்டார். வேன் போய்விட்டது.

நீதிமன்ற வாசலில் வக்கீல் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே நாச்சிமுத்துக்குப் புரிந்துவிட்டது.

"கூப்பிட்டாச்சு. வாரண்டும் போட்டாச்சு. இப்பவே உள்ளே வாங்க, ரத்து பண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்க்கறேன். காலையில மயக்கம் வந்துடுச்சுன்னு சொல்லுங்க. ரோட்டுல நின்னுட்டோம்னு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த நீதிபதி அம்மாவுக்கு அந்தக் காரணமே ஆகாது."

"அப்படியே சொல்லிடுங்க ஆசானே" என்றான் நாச்சிமுத்து. "உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"எந்தக் காலைங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு ஆசான் நொண்டியபடி உள்ளே போனார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தாமதம்?"

"வழியில சாலை மறியலுங்க அம்மா."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க. கொடி இல்லீங்க. கோரிக்கையும் இல்லீங்க. ரயில்வே கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜனங்க ரோட்டை அடைச்சு நின்னுட்டாங்க."

"முதல்ல நின்னது யார்?"

ஆசான் திரும்பி, கதவோரம் நின்ற நாச்சிமுத்தைக் காட்டினார். "இவருங்க. என்னைக் கூட்டிட்டு வந்தவரு."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ஒரு போலீஸ்காரர் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு உள்ளே பேசியது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"பிறகு எப்படி வந்தீங்க? போலீஸ் வந்து எடுத்துவிட்டாங்களா?"

"போலீஸ் யாரும் வரலீங்க. எடுத்துவிட்டதும் இவர்தானுங்க. வெயில்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாரு."

நீதிபதி கோப்பைப் புரட்டினார். "உங்க மேல இருக்கிற கேசும் மறியல்தானே?"

"ஆமாங்க. அதுல கோரிக்கை இருந்துச்சுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். நாச்சிமுத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். "வாரண்ட் ரத்து. அடுத்த வாய்தாவுக்குச் சீக்கிரமே கிளம்புங்க."

வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். நாச்சிமுத்து சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மயக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. அத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்களே ஆசானே."

"உங்களைப் பத்தி அந்தம்மாகிட்ட ரெண்டு விசயம் சொன்னேனுங்கண்ணா" என்றார் ஆசான். "நீங்க முதலாவதோட காதை மூடிக்கிட்டீங்க."