காவிக்கோடும் கரிக்கோடும்

முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றில், ஒரே மகனைச் சிதையேற்றித் திரும்பிய மன்னன் அழவில்லை, பேசவுமில்லை. ஓர் ஆணை மட்டும் பிறப்பித்தான்: “அரியணையிலிருந்து இருபது அடிக்குள் வருபவன் யானையின் காலால் இடறப்படுவான்.”

நாளும் மன்னன் காலடியில் அமர்ந்திருந்த விகடகவி மழபாடியான், அவையின் வாயிற்படியோரம் போய் நின்றான். அழுவதற்கும் அவனுக்கு அங்கே துணையில்லை.

அவன்மேல் நெடுநாள் பொறாமையில் புழுங்கிய அமைச்சர் வில்லவதரையர் முன்னே வந்தார். “அரசே, தங்கள் துயரில் பங்குகொள்ளாமல் சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். பத்து அடிக்கு அப்பால் நிற்பவனுக்கும் அதே தண்டனை விதித்தருள வேண்டும்.”

மன்னன் செவிகொடாமலே தலையசைத்தான்.

வில்லவதரையர் வாயிற்பக்கம் திரும்பினார். “என்ன விகடகவியே, அங்கேயே நிற்கிறீரா, முன்னே வருகிறீரா? எப்படியும் யானை காத்திருக்கிறது!”

மழபாடியான் ஈசன் திருவடியை நெஞ்சில் இருத்தினான். “அரசே, சாகுமுன் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள அருள வேண்டும்.”

மன்னன் விரலசைத்தான்.

மழபாடியான் காவியும் கரியும் வருவித்து, அரியணையடியிலிருந்து வாயில்வரை நேர்கோடு இழுத்து, அடிக்கு அடி குறியிட்டான். தொடக்கத்திலிருந்து இருபது அடிவரை காவி பூசினான். சரியாக இருபதில் நிற்பவன் தப்புவான் என்பதால் அங்கே வெற்று வட்டமிட்டான். பத்திலும் அவ்வாறே வட்டமிட்டு, அதற்கு அப்பால் கரி தீட்டி, வாயிலைத் தாண்டியும் அது நீளும் என்று நுனியில் அம்பு வரைந்தான்.

“காவி முதல் ஆணை, கரி இரண்டாம் ஆணை. அமைச்சர் பெருமானே, இரண்டும் படாத இடத்தைக் காட்டுங்கள், போய் நின்றுகொள்கிறேன்.”

வில்லவதரையர் தேடினார். காவி முடியுமுன்னரே கரி தொடங்கியிருந்தது.

“தாங்கள் நிற்பது பதினைந்தாம் அடி. காவியும் கரியும் அங்கே ஒன்றாய்க் கிடக்கின்றன. யானை என்னை ஒருமுறை மிதித்தால், தங்களை இருமுறை மிதிக்க வேண்டும்!”

மன்னன் முதன்முறையாக நிமிர்ந்தான். “அப்படியானால் என் நாட்டில் குற்றமற்றவன் யார்?”

“எவருமில்லை, அரசே. அரியணையும் காவிக்குள்தான்” என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டான் மழபாடியான்.

“அடே பாவி! என்னையுமா மிதிக்கச் சொல்கிறாய்?”

மன்னன் சிரித்தான். சிரிப்பு நடுவிலே உடைந்து தேம்பலாயிற்று. இறங்கி வந்தான், அவன் பாதம் பட்டுக் காவியும் கரியும் கலைந்தன. முத்துமாலையைக் கழற்றி மழபாடியான் கழுத்திலிட்டான்.

“இனி எவனும் தள்ளி நிற்க வேண்டாம். உட்கார். என் பிள்ளையைப் பற்றி ஏதாவது பேசு” என்று சொல்லி வெறுந்தரையில் அமர்ந்தான்.