பதினேழாம் குப்பி

“பதினேழாம் ஆளை நம்ம ஆராய்ச்சியிலிருந்தே தூக்கி எறியணும் சார். பச்சைப் பொய்யன்!”

ஆய்வகத்திலிருந்து வந்த வேகத்தில் கத்தினாள் டாக்டர் நஸ்ரீன்.

அறுவை அறைக்குப் போகத் தயாராக நின்றிருந்தார் வேதநாயகம். அவளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கண் வைத்தியர். வலது கை சட்டைப்பையில்.

“என்ன பொய்?”

“புரை எடுக்கும்போது கண்ணுக்குள்ளிருந்து ஒரு துளி நீர் எடுத்தோமே. அதில் டோபமைன்ங்கிற நரம்பு ரசாயனம் உடைஞ்சு மிஞ்சுற கசடை அளந்தேன். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இவனுக்கு மட்டும் எக்கச்சக்கம்.”

வாத்தியார் லேசில் விடுவாரா?

“குப்பியை வெளிச்சத்தில் வச்சிருப்பே.”

“ஐஸை விட்டு எடுக்கலை.”

“மெஷினுக்குக் கிறுக்கு.”

“பேரம் பேசாதீங்க சார். நடுக்குவாதத்துக்கு மாத்திரை போடுறவங்க கண்ணில்தான் இவ்வளவு சேரும். இவன் எந்த மருந்தும் தொடுறதில்லைன்னு படிவத்தில் சாதிச்சிருக்கான்.”

“யாருன்னு தெரியுமா?”

“குப்பியில் எண் மட்டும்தானே இருக்கு.”

“பாவம். வேலை போயிடும்னு பயந்திருப்பான்.”

“பஸ் ஓட்டுறவனா இருந்தா? ஊரையே பள்ளத்தில் தள்ளுவான்!”

“கத்தி பிடிக்கிறவனா இருந்தா?”

“அந்தக் கையை ஒடிச்சு அடுப்பில் வைக்கணும்!”

வேதநாயகம் சிரித்தார். பையிலிருந்து கையை எடுத்து அவள் முன் நீட்டினார்.

தராசு முள் மாதிரி ஆடியது. நிற்கவே இல்லை.

நஸ்ரீன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

போன மாதம் இவர் கண்ணிலும் புரை எடுத்தார்கள். எடுத்தவள் அவள்தான். துளியை உறிஞ்சியதும் அவளேதான்.

“சார்... நீங்களா?”

“மாத்திரை போட்டா அடங்கிக் கிடந்துச்சு. இன்னிக்கு அடங்கலை.”

“இந்தக் கையோடவா உள்ளே போகப் பார்த்தீங்க?”

“நீ வர்றியான்னு பார்த்துக்கிட்டு நின்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“வாய் வரலை. அதான் கண்ணைக் கொடுத்தேன்.”



அறுவை அறைக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

“சார், கண்ணை மரக்க வச்சாச்சு. அந்தம்மா பயந்துபோய்க் கிடக்காங்க. டாக்டர் எங்கே, எங்கேன்னு என் உயிரை வாங்குறாங்க.”

வேதநாயகம் தலையிலிருந்த பச்சைத் தொப்பியை இடது கையால் உருவினார். குப்பைத் தொட்டியில் போட்டார்.

“டாக்டரம்மா கை கழுவிட்டு வர்றாங்கன்னு சொல்லு.”